சிஸ்டரைக் கேளுங்கள்: கேமராவை அணைத்துவிட்டுப் படிக்கும் தாதிகளுக்கு

(பதில் சொல்பவர் 33 ஆண்டுகள் தாதியாக இருந்தவர். கடைசி 15 ஆண்டுகள் வீட்டுக்கு வீடு போய் அந்திமகாலப் பராமரிப்பு பார்த்தவர். இப்போது சிங்கப்பூரில், தோ பாயோவில் ஓய்வில் இருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் இணையம் வழியாகப் பாடம் எடுக்கிறார்.)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இணைய வகுப்பு பற்றித்தான். மூட்டுவலிக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று கேட்ட சிராங்கூன் ஐயா மன்னிக்கணும். உங்களுக்கு அடுத்த மாதம்.

கேள்வி: நான் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், சிஸ்டர். ஈசூனில் அறை எடுத்துத் தங்கி, ஒரு வருஷமாக வீட்டுத் தாதிமையில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு. தொடர்கல்விப் புள்ளிகளுக்காக ஸூம் வகுப்புகளில் சேர்கிறேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கேமராவை அணைத்துவிட்டு, பஸ்ஸில் ஒரு காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். பதினோரு சான்றிதழ் சேர்ந்துவிட்டது. மண்டையில் ஒன்றும் நிற்கவில்லை. என்ன தப்பு செய்கிறேன்?
*- வீட்டுத் தாதி, ஈசூன்*

திட்டுவேன் என்று நினைத்திருப்பாய். திட்டுகிற தகுதி எனக்கு இல்லை. 2020 ஏப்ரலில் சர்க்கியூட் பிரேக்கர் (கொரோனா முடக்கம்) வந்து எங்கள் வகுப்புகளெல்லாம் ஸூமுக்குப் போனபோது, நான் கேமராவை அணைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாடம் மூச்சுத்திணறல் பற்றி. பாடம் எடுத்தவர் திடீரென்று என் பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்டார். மைக்கைத் திறந்தால் குக்கர் விசில்தான் முதலில் பதில் சொன்னது.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குப் பாடம் ஃபெண்டனில் ஒட்டுப்பட்டை, அதாவது தோல் வழியாக இறங்கும் கடுமையான வலிமருந்து. பெடோக்கில் நான் பார்த்துவந்த ஒரு மாமாவுக்கு அந்த வாரம்தான் அந்தப் பட்டை ஒட்டியிருந்தோம். அதனால் அந்த ஒரு மணி நேரமும் வெங்காயத்தைத் தொடவில்லை. மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒட்டிய முதல் நாளே முழு வேலை செய்யாது, கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துவிட வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த கதை. போகிற போக்கில் ஒரு வரி சொன்னார்கள்: பட்டை மேல் சூடு படக்கூடாது, பட்டால் மருந்து வேகமாக உடம்பில் இறங்கும்.

வியாழக்கிழமை போனேன். மகள் கதவைத் திறந்ததுமே, "நல்லா தூங்குறாரு சிஸ்டர், வலி குறைஞ்சிடுச்சு போல" என்று சந்தோஷமாகச் சொன்னாள். கூப்பிட்டேன். கண்ணைத் திறக்காமல் "ம்" என்றார். மணிக்கட்டில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு ஒன்பது, ரொம்பக் குறைவு. ஒருக்களித்துப் படுக்கவைத்து சட்டையைத் தூக்கினால், முதுகில் பட்டை, அதன் மேலேயே வெந்நீர்ப் பை! கோடாலித் தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறாள் பாவம். நம் வீடுகளில் வலி என்றால் முதலில் செய்வது அதுதானே. பையை எடுத்தேன், டாக்டரைக் கூப்பிட்டேன், அவர் சொன்னபடி பட்டையையும் எடுத்தேன். எடுத்த பிறகும் தோலுக்கு அடியில் தேங்கிய மருந்து பல மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஐந்தரை மணிக்கு மாமா கண்ணைத் திறந்து கோப்பி கேட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்த வரி ஏன் மண்டையில் நின்றது என்று கேட்டுப் பார். எனக்கு அந்த நேரத்தில் ஒரு முதுகு தெரிந்தது, அவ்வளவுதான். நீ பதினோரு வகுப்பில் உட்கார்ந்தாய், ஒரு நோயாளியையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. அடுத்த வகுப்புக்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுது: யாருக்காக இந்த வகுப்பு, அவரிடம் எனக்குப் புரியாதது என்ன, திங்கட்கிழமை அவர் வீட்டில் எதை மாற்றிச் செய்யப் போகிறேன். மூன்றாவது வரிக்கு வகுப்பு முடிந்தும் பதில் இல்லையென்றால், அந்த வகுப்பு உனக்கானது இல்லை.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கவும் இதே கணக்குதான். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 2003இல் 'எக்கோ' என்று ஒன்றைத் தொடங்கினார். ஹெபடைடிஸ் சி என்ற கல்லீரல் தொற்று நோயாளிகள் நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து அவரிடம் வருவதற்குப் பதிலாக, அந்தந்த ஊர் மருத்துவர்களைத் திரைவழி கூட்டி, அவர்களுடைய நோயாளிகளைப் பற்றியே பேசவைத்தார். பாடம் கொஞ்ச நேரம், மிச்ச நேரமெல்லாம் "என் நோயாளிக்கு இப்படி, என்ன செய்யட்டும்?" என்பதுதான். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் நிறுவிய பாலியம் இந்தியாவும் இந்த முறையில் வலிதணிப்புப் பராமரிப்பு வகுப்புகள் நடத்துகிறது. இந்திய நேரம் நான்கு மணி என்றால் நமக்கு ஆறரை. வீடு திரும்பியிருப்பாய். ஆனால் வெளிநாட்டுச் சான்றிதழை இங்கே புள்ளிக்கு ஏற்பார்களா என்று சேரும் முன்பே உன் மேலதிகாரியிடம் கேட்டுவிடு. புள்ளி கிடைக்காவிட்டாலும் நான் போவேன். அது என் குணம்.

பஸ்ஸில் கேட்பதை மட்டும் விட்டுவிடு. அந்த நேரத்தில் தூங்கு.

கேள்வி: வயது 52. இருபது வருஷம் அலுவலகத்தில் கணக்கு எழுதினேன், ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. மாமியாரைக் கடைசி வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் போகலாமா என்று யோசனை. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் (படிப்புக்கு அரசாங்கம் கொடுத்தது) இருக்கிறது. முழுக்க வீட்டிலிருந்தே படித்து முடிக்க முடியுமா, மேடம்?
*- இல்லத்தரசி, ஜூரோங் வெஸ்ட்*

மேடம் வேண்டாம், சிஸ்டரே போதும்.

முழுக்க முடியாதும்மா. முடியவும் கூடாது. நோய் பற்றி, மருந்து பற்றி, பேசுகிற முறை பற்றித் திரையில் படிக்கலாம். ஆனால் எழுபது கிலோ மனிதரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதைத் திரையில் பார்த்துக் கற்றுக்கொண்டால், முதல் வாரத்திலேயே உங்கள் இடுப்பு போய்விடும். குழாய்வழி உணவு கொடுப்பதும் அப்படித்தான். தலைமாட்டை உயர்த்தாமல் பாலை விட்டால் அது நுரையீரலுக்குப் போகக்கூடும். பக்கத்தில் ஒருவர் நின்று உங்கள் கையைப் பிடித்துத் திருத்த வேண்டும். ஆகவே நேரடிப் பயிற்சியும் சேர்ந்த வகுப்பாகப் பாருங்கள்.

2024 மே மாதத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சரில் கொடுத்த 4,000 வெள்ளியை எல்லா வகுப்புக்கும் பயன்படுத்த முடியாது. அதற்கென்று பட்டியல் இருக்கிறது. சேரும் முன் அதில் தேடுங்கள். அவசரப்பட வேண்டாம், அந்தத் தொகை காலாவதியாகாது. சிங்பாஸ் (அரசாங்கத்தின் மின்னடையாளம்) வழியாக வருகை பதியச் சொல்வார்கள், அதை மறந்துவிட்டு அப்புறம் அழாதீர்கள்.

வேலை இருக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 1985இல் உங்கள் ஜூரோங் பக்கம் செயின்ட் ஜோசப் இல்லத்தில் கன்னியாஸ்திரிகள் 16 படுக்கைகளை ஒதுக்கியபோதுதான் இந்த நாட்டில் அந்திமகாலப் பராமரிப்பு ஆரம்பமானது. இன்றைக்கு மருத்துவமனையில் நடக்கும் மரணங்களை 2022இல் இருந்த 61 விழுக்காட்டிலிருந்து 2027க்குள் 51 விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் இலக்கு. வீட்டில் இறப்பவர்கள் கூடினால், வீட்டுக்கு வந்து பார்க்கும் கைகளும் வேண்டுமே. கணக்கு எழுதியவர் என்பதால் மருந்துப் பதிவேட்டை நீங்கள் ஒழுங்காக எழுதுவீர்கள். அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது.

கேள்வி: நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வயது 27, வீட்டு அந்திமகாலக் குழுவில் தாதி. என்னுடையது வீட்டுத் தமிழ்தான். வகுப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். ஆனால் என் நோயாளிகளில் ஒரு பாட்டிக்கு 84 வயது, தமிழ் மட்டும்தான். "வலி பத்துக்கு எத்தனை பாட்டி?" என்று கேட்டால், "என்ன, கடைக்கா வந்திருக்க?" என்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது, ஆன்ட்டி?
*- தாதி, செங்காங்*

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பாட்டியை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

எண் கேட்பதை விடு. காசில் கேள். "ஒரு வெள்ளின்னா எத்தனை காசு வலி பாட்டி?" என் நோயாளி ஒருவர் கொஞ்சமும் தயங்காமல், "எழுபது காசு. மருந்து குடிச்சா முப்பது" என்றார். இதைவிடத் தெளிவான பதிவு எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

ஆனால் எத்தனை என்பதைவிட எப்படி என்பது முக்கியம். இதில் தமிழ் நமக்குப் பெரிய உதவி. 'எரியுது', 'சுரீர்னு இழுக்குது', 'எறும்பு ஊறுற மாதிரி இருக்கு' என்றால் எனக்கு நரம்பு வலியின் ஞாபகம் வரும், மார்ஃபின் என்ற வலிமருந்து மட்டும் போதாமல் போகலாம் என்று டாக்டரிடம் சொல்வேன். 'குடையுது' என்று ஒரே இடத்தைக் காட்டினால் எலும்பு. 'முறுக்குது', 'சுருட்டிப் பிடிக்குது' என்றால் குடல். உடனே, கடைசியாக வெளிக்குப் போனது எப்போது என்று கேட்பேன், ஏனென்றால் மார்ஃபின் மலச்சிக்கல் கொடுக்கும், மலமிளக்கியைச் சேர்த்தே கொடுக்க வேண்டும். 'விண்விண்னு தெறிக்குது' என்றால் எங்காவது வீக்கமோ சீழோ இருக்கிறதா என்று தேடுவேன். இதெல்லாம் என் நோட்டுப் புத்தகக் கணக்கு, டாக்டரின் பரிசோதனைக்குப் பதில் இல்லை. ஆனால் பாட்டி சொன்ன சொல்லை அப்படியே தமிழிலேயே பதிவேட்டில் எழுது, பக்கத்தில் விளக்கம் எழுது. எல்லாவற்றையும் 'பெயின்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடாதே.

"ஒண்ணுமில்லம்மா, நல்லாருக்கேன்" என்று சொன்னால் நம்பாதே. உனக்குத் தொந்தரவு கொடுக்க விரும்பவில்லை என்று அர்த்தம். திருப்பிப் படுக்கவைக்கும்போது நெற்றியைப் பார்.

எந்த ஆங்கில வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தராத ஒன்று, பால். கடைசி நேரத்தில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து வாயில் பால் ஊற்றுவார்கள். விழுங்க முடியாதவருக்கு ஸ்பூனில் ஊற்றினால் புரையேறும். முதல் தடவை நான் "கூடாது" என்று சொல்லிவிட்டேன். மூத்த மகன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வாய் துடைக்கும் பஞ்சுக்குச்சியைப் பாலில் நனைத்துப் பிழிந்து கையில் கொடுத்துவிடுவேன். "உதட்டுல தொட்டு வைங்கண்ணே, அவங்களுக்குத் தெரியும்" என்பேன். சடங்கும் நடக்கும், புரையும் ஏறாது.

இந்தப் பேச்சை எங்கே பழகுவது என்றால், நாங்கள் நாலு பேர் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஸூமில் கூடுவோம். அந்த வாரம் ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தை ஒருத்தி தமிழில் சொல்ல வேண்டும். இன்னொருத்தி பாட்டியாக நடித்துக் குறுக்கே குறுக்கே கேட்பாள்: "இந்தத் தண்ணி மருந்தக் குடிச்சா செத்துருவேனாமே?" அப்போது மட்டும் எல்லோரும் கேமராவை அணைத்துவிடுவோம். முகம் தெரியாவிட்டால் வெறும் குரலில் எவ்வளவு பயம் இருக்கிறது என்று கேட்கப் பழகலாம். (ஈசூன் பெண்ணே, கேமராவை அணைப்பதில் நான் கண்ட ஒரே நன்மை இது.) இன்னொன்று, 'அந்திமகாலம்' என்ற சொல்லைப் பாட்டி முன்னால் சொல்லாதே. கடிதத்திலும் பத்திரிகையிலும் இருக்கட்டும். பாட்டிக்கு நீ 'வீட்டுக்கு வர்ற சிஸ்டர்', அது போதும்.

கேள்வி: இணைய வகுப்பில் நம் நோயாளியைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள். புண்ணின் படத்தைக் காட்டலாமா?
*- பராமரிப்பு உதவியாளர், பொங்கோல்*

குடும்பத்தின் சம்மதமும் மேலதிகாரியின் அனுமதியும் இருந்தால் காட்டலாம். பெயர், புளோக் எண், முகம், பச்சை குத்தியது எதுவும் தெரியக்கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012லேயே வந்துவிட்டது.

நான் இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். படுக்கைப் புண்ணின் படம், முகம் இல்லை, பெயர் இல்லை. திரையில் காட்டிய அடுத்த நிமிடம் வகுப்பிலிருந்த ஒரு பெண், "இது எங்க பெரியம்மா வீடாச்சே!" என்றாள். பின்னால் சுவரில் தொங்கிய காலண்டரில் அவர்கள் குடும்பக் கடையின் பெயர் பெரிதாக இருந்திருக்கிறது. அன்றிலிருந்து ஒரு பச்சைத் துணியைப் பையிலேயே வைத்திருந்து, பின்னால் விரித்துவிட்டுத்தான் படம் எடுத்தேன்.

மறுநாளே அந்த வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "அதிருக்கட்டும், இந்தப் புண்ணு ஆறுறதுக்கு அங்க யாராச்சும் வழி சொன்னாங்களா?" என்று கேட்டார்.