புறாத்தீவில் ஸ்நோர்கல் போட்டு இறங்குகிறவர்களுக்கு: ஒரு சுழியோடியின் கேள்வி பதில்

திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள நிலாவெளிக் கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது புறாத்தீவு. எங்கள் பக்கத்தில் புறாமலை என்றும் சொல்வார்கள். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். பருவம் தொடங்கப் போகிறது, கேள்விகளும் வரத் தொடங்கிவிட்டன.

எனக்கு நீந்தத் தெரியாது அண்ணா. போனால் படகிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா? (கொழும்பு)

இல்லைத் தங்கச்சி. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டினால் அது உங்களைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் நேரே பாறைப் பக்கம் போகாதீர்கள். முதலில் மணல் தரையில், இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை மட்டும் அமிழ்த்தி வாயால் மூச்சு விட்டுப் பழகுங்கள். ஸ்நோர்கல் என்கிற மூச்சுக் குழாய்க்குள் தண்ணீர் வந்தால் "பூ" என்று ஒரே ஊது, வெளியே போய்விடும். மூச்சு சீராகும்வரை அவசரப்பட வேண்டாம். தனியாக இறங்கவே கூடாது.

எந்த மாதம், எத்தனை மணிக்குப் போவது?

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் கடல் கலங்கிவிடும், போய்ப் பயனில்லை. காலையில் முதல் படகைப் பிடியுங்கள். தண்ணீர் தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு.

அங்கே சுறா இருக்கிறதாம். ஒன்பது வயது மகன் வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறான். (மட்டக்களப்பு)

இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள். துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா, பெரும்பாலும் ஒன்றரை மீற்றருக்குள்தான் இருக்கும். கூச்ச சுபாவம், நம் சத்தம் கேட்டாலே விலகிவிடும். துரத்தாமலும் தீனி போடாமலும் இருந்தால் போதும். மகனிடம் இதையும் சொல்லுங்கள்: முட்டைக்குக் காவல் நிற்கும் பெரிய கிளாத்தி மீன்தான் நிஜமாகவே கடிக்க வரும். அது தன் எல்லையாக நினைப்பது கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும். அதனால் மேலே எழும்பித் தப்ப முடியாது, பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும்.

போன வருடம் வந்தபோது, "இது செத்த முருகைக்கல் (பவளப்பாறை), ஏறி நில்லுங்கள்" என்று கூட வந்தவர் சொன்னார். சரியா? (யாழ்ப்பாணம்)

சரியில்லை. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

செத்ததாகத் தெரியும் கல்லின் மேல்தான் புதிய முருகைக் குஞ்சுகள் வந்து ஒட்டும். மிதந்து வரும் அந்தக் குஞ்சு பிடித்துக்கொள்ள ஆடாத, கெட்டியான இடம் வேண்டும். ஒட்டிய புதிதில் அது கண்ணுக்கே தெரியாத அளவு. உங்கள் குதிக்கால் ஒருமுறை பட்டால் அதோடு முடிந்தது. மான்கொம்பு மாதிரிக் கிளைவிடும் வகைகள் வேகமாக வளரும், வருடத்துக்குப் பத்து சென்ரிமீற்றர்கூடப் போகும். ஆனால் முருங்கைக் கொப்பு மாதிரிச் சட்டென்று ஒடிந்துவிடும். ஒடிந்த துண்டுகள் அலையில் உருண்டு உருண்டு பக்கத்தில் உள்ளதையும் தேய்க்கும். உருண்டைப் பாறையாய் வளரும் வகைகளோ வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான். மேசையளவு ஒன்றைக் கண்டால் அது உங்கள் அப்பாவைவிட மூத்ததாக இருக்கலாம்.

உங்களுக்கும் கேடுதான். கல்லோடு கல்லாகக் கல்மீன் படுத்திருந்தால் தெரியாது, அதன் முள் குத்தினால் உயிர் போகிற வலி. பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடி ஆசுபத்திரிக்கு ஓட வேண்டும். களைத்துப் போனால் மல்லாந்து மிதவுங்கள், அல்லது மணல் தரை வரும்வரை பொறுங்கள். துடுப்புக் காலணி போட்டவர்கள் நிமிர்ந்து நின்று உதைக்காதீர்கள். சேதத்தில் பாதி அப்படித்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் செத்ததா?

உடனே அப்படிச் சொல்லிவிட முடியாது. முருகையின் உடலுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. நிறமும் பெரும்பங்கு உணவும் அதனால்தான். கோடைக்கால வழக்கமான உச்சத்தைவிடக் கடல் ஒரு பாகை கூடுதலாகச் சுட்டு, அது சில வாரம் நீடித்தால், பாசி வெளியேறிவிடும். பிறகு தெரிவது கண்ணாடி போன்ற தசைக்கு அடியில் உள்ள வெள்ளை எலும்பு. உயிர் இன்னும் இருக்கும், சூடு சீக்கிரம் தணிந்தால் தேறும். 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் பெரும்பகுதி அப்படி வெளிறிச் செத்துப் போனது, புறாத்தீவு பெரும்பாலும் தப்பியது. வெள்ளையின் மேல் பச்சையும் மண்ணிறமுமாகப் பாசி படர்ந்திருந்தால் அது செத்ததுதான். அதன் மேலும் நிற்காதீர்கள், காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

சன்ஸ்கிரீன் பூசலாமா?

முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள். வெயிலில் வேகுவது முதுகும் கெண்டைக்காலின் பின்பக்கமும்தான். பூசியே ஆக வேண்டுமென்றால் ஒக்சிபென்சோன் என்ற இரசாயனம் இல்லாததாகப் பாருங்கள். அது முருகைக்குக் கெடுதல் என்றுதான் ஹவாயில் 2021 முதல் அதன் விற்பனையைத் தடை செய்தார்கள்.

கரையில் ஒதுங்கிய ஒரு சின்னத் துண்டை ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா?

கூடாது. சட்டப்படி குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்தினர் பிடித்தால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

மாஸ்க்குக்குள் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. மீசைதான் காரணம் என்று மனைவி சொல்கிறார். (வவுனியா)

மனைவி சொல்வது சரியாக இருக்கலாம். முதலில் பட்டியை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் இழுத்துப் பாருங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் அளவு சரி. விழுந்தால் வேறு மாஸ்க் கேளுங்கள். வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் ஒன்றுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் கசிந்தால், மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு மட்டும் மழித்தால் போதும். முழுவதையும் எடுக்கத் தேவையில்லை என்று நான் சொன்னதாக வீட்டில் சொல்லுங்கள்.