ஜெர்மன் நகரம் ஒன்றின் உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளைப் பகுதிவாரியாக வரைபடமாக்கினால் அதை எவ்வளவு நம்பலாம்?

எந்த நகரம் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் இருப்பது கொலோனில். அதனால் கொலோனை வைத்தே பதில் சொல்கிறேன். பொழுதுபோக்காக ஆரம்பித்த வேலை இது. இப்போது தேர்தல் முடிந்த ஞாயிறு இரவு முதல் ஒரு வாரத்துக்கு வீட்டில் யாரும் என்னிடம் எந்த வேலையும் சொல்வதில்லை, சொன்னாலும் நடக்காது என்று தெரிந்துகொண்டார்கள்.

முதலில் ஊர். ரைன் ஆறு நடுவே ஓடுகிறது. பேராலயம் இடக்கரையில். வலக்கரையை உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் நக்கலாக ‘ஷேல் சிக்’, அதாவது ‘கோணல் பக்கம்’ என்பார்கள். மொத்தம் 9 மாவட்டங்கள், அவற்றுக்குள் 86 பேட்டைகள். மாநகராட்சி மன்றத் தேர்தலுக்கென்று தனியாக 45 வார்டுகள். அவற்றுக்குள் வாக்குச்சாவடிப் பகுதிகள். ஒரு சாவடிப் பகுதியில் வசிப்பவர்கள் 2,500 பேரைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். யார் யாருக்குப் போட்டார் என்று ஊகித்துவிடும் அளவுக்குச் சின்னதாகவும் அது இருக்கக் கூடாது.

எல்லைக் கோடுகளும் சாவடிவாரி எண்ணிக்கையும் மாநகராட்சியின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் இரண்டையும் இணைத்தால் அரை மணி நேரத்தில் ஒரு படம் வந்துவிடும். ஜெர்மனியில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போடுவார்கள். 28,5 என்பதை உங்கள் கணினி எண் என்று ஒப்புக்கொள்ளாமல் அடம்பிடிக்கும். அதை மட்டும் முதலிலேயே மாற்றிவிடுங்கள். வண்ணம் பூசுவதில் வேறு பெரிய சிரமம் இல்லை.

சிரமம் எங்கே என்றால், அந்த அரை மணி நேரப் படம் தப்பாக இருக்கும். என்னுடைய முதல் படம் அப்படித்தான் இருந்தது. வாக்குப்பதிவு சதவீதத்தைச் சாவடிவாரியாகப் போட்டேன். லிண்டந்தால் பக்கம், பேராசிரியர்களும் மருத்துவர்களும் குடியிருக்கும் தெருக்கள் எல்லாம் வெளிறிக் கிடந்தன. படித்தவர்கள் ஓட்டுப் போடுவதில்லை போலிருக்கிறது என்று மனதுக்குள் ஒரு கட்டுரையே எழுதிவிட்டேன். அங்கே குடியிருக்கும் அலுவலக நண்பர் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, “எங்கள் தெருவில் ஓட்டுப் போடாதவர் யார் என்று காட்டு பார்ப்போம்” என்றார். பிறகு அவரே சிரித்துக்கொண்டு, “நான் மூன்று வாரத்துக்கு முன்பே தபாலில் அனுப்பிவிட்டேன்” என்றார்.

விஷயம் அதுதான். நம் ஊரில் தபால் ஓட்டு என்றதும் தேர்தல் வேலைக்குப் போகும் அரசு ஊழியர்தான் நினைவுக்கு வருவார். இங்கே காரணமே சொல்லாமல் யார் வேண்டுமானாலும் தபாலில் போடலாம். கொரோனா காலத்தில் நடந்த 2021 நாடாளுமன்றத் தேர்தலில், நாடு முழுக்க வாக்களித்தவர்களில் 47.3 சதவீதம் பேர் தபாலில்தான் போட்டார்கள். அந்த உறைகள் உங்கள் தெருச் சாவடிக்கு வராது. பல சாவடிப் பகுதிகளைச் சேர்த்து ஒரு தபால் வாக்குக் குழு இருக்கும், அங்கே போய்த் தனியாக எண்ணப்படும். ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் உங்கள் சாவடியிலேயே இருக்கும், பக்கத்தில் ‘டபிள்யூ’ என்ற குறியோடு. தரவுக் கோப்பில் ஏ1 என்றால் அந்தக் குறி இல்லாதவர்கள், ஏ2 என்றால் குறி உள்ளவர்கள், பி என்றால் அந்தச் சாவடியில் வாக்களித்தவர்கள். நான் பி-யை ஏ1, ஏ2 இரண்டும் சேர்ந்த மொத்த ஏ-யால் வகுத்திருந்தேன். கீழே தபாலில் போட்டவர்களும் இருக்கிறார்கள், மேலே அவர்கள் இல்லை. அப்புறம் லிண்டந்தால் வெளிறாமல் என்ன செய்யும்?

கட்சிகளின் பங்கும் இதே காரணத்தால் கோணலாகும். தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி பொதுவாகத் தபாலில் வாங்குவதைவிடச் சாவடியில் அதிக சதவீதம் வாங்கும் கட்சி. சாவடி எண்களை மட்டும் வைத்து வரைந்தால் அதன் நீலம் இருப்பதைவிட அடர்த்தியாகத் தெரியும். இதற்கு இரண்டு வழிகள்தான் எனக்குத் தெரியும். ஒன்று, 45 வார்டு அளவிலேயே நின்றுகொள்வது. அங்கே தபாலும் சாவடியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கரடுமுரடான படம், ஆனால் நேர்மையான படம். இரண்டாவது, ஒரு தபால் குழுவின் வாக்குகளை அதற்குரிய சாவடிப் பகுதிகளுக்கு ஏ2 எண்ணிக்கையின் விகிதத்தில் பிரித்துக் கொடுப்பது. பார்க்க அழகாக வரும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து தபாலில் போட்டவரும் எதிர்த்தெரு மாளிகையிலிருந்து போட்டவரும் ஒரே மாதிரி போட்டார்கள் என்று நீங்களாகவே வைத்துக்கொள்கிறீர்கள். நான் இரண்டாவதைச் செய்யும்போதெல்லாம் படத்தின் அடியில் ‘மதிப்பீடு’ என்று எழுதிவிடுவேன்.

அடுத்தது, ‘யார் முதலிடம்’ என்று வண்ணம் பூசும் படங்கள். பத்திரிகைகளுக்கு அவை பிடிக்கும், எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. 2020 மன்றத் தேர்தலில் கொலோன் முழுக்கப் பசுமைக் கட்சி வாங்கியது 28.5 சதவீதம், சமூக ஜனநாயகக் கட்சியான எஸ்பிடி 21.6, பழமைவாதக் கட்சியான சிடியு 21.5. மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாத கட்சி ஒரு பேட்டை முழுவதையும் பச்சையாக்கிவிடலாம். 2025 மேயர் தேர்தலில் முதல் சுற்றில் முன்னால் நின்றவர் பசுமைக் கட்சியின் பெரிவான் அய்மாஸ். இரண்டாம் சுற்றில் ஜெயித்தவர் எஸ்பிடியின் டோர்ஸ்டன் புர்மெஸ்டர். முதல் சுற்றின் வண்ணப் படத்தை மட்டும் பார்த்தவருக்கு இரண்டாம் சுற்று புதிராகத்தான் இருந்திருக்கும். போதாக்குறைக்கு, கிழக்கே கோனிக்ஸ்ஃபோர்ஸ்ட் காடும் போர்ட்ஸ் பக்கம் விமான நிலையமும் ஏக்கர் கணக்கில் வண்ணம் வாங்கிக்கொள்கின்றன. அங்கே ஓட்டுப் போட மரம்தான் இருக்கிறது. சிடியுவின் நிறம் கறுப்பு என்பது தனிச் சோதனை. அவர்கள் ஜெயித்த இடத்தில் பேட்டையின் பெயரையே படிக்க முடியாது. நான் அதைச் சாம்பல் ஆக்கிவிட்டேன்.

இவ்வளவு குறை சொல்கிறேனே, பிறகு எதற்கு இந்த வேலை என்றால், அதற்கு ஒரு பதில் ரோடன்கிர்ஷன். 2014 மே மாத மன்றத் தேர்தலில் அந்த மாவட்டத்தின் ஒரே ஒரு தபால் வாக்குக் குழுவில் எஸ்பிடிக்கு அளவுக்கு மீறி வாக்கு, சிடியுவுக்கு வழக்கத்துக்கு மாறாகக் குறைவு. சுற்றுவட்டாரத்தோடு ஒட்டவே இல்லை. இரண்டு கட்சிகளின் எண்களும் இடம் மாறிப் பதிவாகியிருக்கும் என்ற சந்தேகம் கிளம்பியது. வழக்கு நிர்வாக நீதிமன்றம் வரை போய், ஏறக்குறைய ஓராண்டு கழித்து மறு எண்ணிக்கை நடந்தது. சந்தேகம் சரிதான். எஸ்பிடி ஓர் இடத்தை இழந்தது, எஸ்பிடி-பசுமைக் கூட்டணியின் நூலிழைப் பெரும்பான்மையும் போயிற்று. மாநகராட்சி மன்றத்தையே அசைத்தது ஒரு குழுவின் எண்ணிக்கை. அதனால் ஒரு சாவடி மட்டும் அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் துருத்திக்கொண்டு நின்றால் உடனே அதற்குச் சமூகவியல் விளக்கம் தேடாதீர்கள். முதலில் எண் சரியா என்று பாருங்கள்.

வாக்குப்பதிவுப் படத்தை மேலே சொன்னபடி திருத்தியபின் பார்த்தால் ஊர் வேறு மாதிரி தெரியும். தெற்கே ஹான்வால்ட், மாளிகைகளும் உயர்ந்த வேலிகளும். வடக்கே கோர்வைலர், எழுபதுகளில் எழுந்த அடுக்குமாடிகள். 2013 நாடாளுமன்றத் தேர்தலில் ஹான்வால்டில் 80 சதவீதத்துக்கும் மேல் வாக்களித்தார்கள், கோர்வைலரில் பாதிப்பேர்கூட வரவில்லை. எந்தக் கட்சி எங்கே என்ற படத்தைவிட இதுதான் தேர்தலுக்குத் தேர்தல் மாறாமல் திரும்ப வருகிறது.

அந்தப் படத்திலும் ஓர் ஓட்டை உண்டு. சதவீதத்தின் கீழே இருப்பது வாக்குரிமை உள்ளவர்கள் மட்டும். உள்ளாட்சித் தேர்தலில் 16 வயதானவர்கள் போடலாம், ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களும் போடலாம். அதனாலேயே இந்தப் படத்தை நாடாளுமன்றத் தேர்தல் படத்தோடு அப்படியே ஒட்டிப் பார்க்க முடியாது. ஆனால் என்னைப் போல இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் வரி கட்டலாம், குப்பைக் கட்டணம் கட்டலாம், மன்றத்துக்கு ஓட்டுப் போட முடியாது. கொலோனில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர். 2020 செப்டம்பர் 13 அன்று எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்குச்சீட்டு, குடியேறியவர்களுக்கான ஒருங்கிணைப்பு மன்றத்துக்கு. பெரும்பாலும் ஆலோசனை சொல்லும் மன்றம் அது.

அதனால் இப்போது ஒரு படம் கூடுதலாகப் போடுகிறேன். வாக்களித்தவர்களை வாக்காளர் எண்ணிக்கையால் வகுக்காமல், அந்தப் பேட்டையில் வசிக்கும் வயதுவந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து வரையும் படம். கோர்வைலர் இன்னும் வெளிறிவிடும். என் தெருவும் ஒரு படி வெளிறும். எங்கள் கட்டடத்தின் ஆறு வீடுகளில் மூன்றுக்கு மன்ற வாக்குச்சீட்டு வருவதில்லை.