ரங்கூன் உண்டியலும் இன்டர்நெட்டும்

கேள்வி: அமெரிக்க ராணுவம் அணுகுண்டுக்குப் பயந்து இன்டர்நெட்டைக் கண்டுபிடித்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று வலை பின்னி, இங்கே கட்டிய பணத்தை உண்டியல் என்ற காகிதத்தின் பேரில் அங்கே கொடுக்கச் செய்தவர்கள் நகரத்தார். இன்டர்நெட்டுக்கு முன்னோடி செட்டிநாடுதான் என்று எழுத உங்கள் இதழுக்கு என்ன தயக்கம்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: தயக்கமெல்லாம் இல்லை. உண்மை இல்லை, அதனால் எழுதவில்லை. உங்கள் கேள்வியின் முதல் பாதியே பாதிதான் சரி.

அணுகுண்டு விழுந்தாலும் அறுந்துபோகாத தொடர்பு வேண்டும் என்று யோசித்தவர் அமெரிக்காவின் ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த பால் பேரன். 1964-ல் அதை விரிவாக எழுதி வைத்தார். ஆனால் இன்டர்நெட்டுக்கு முந்தின வலையான ஆர்ப்பாநெட்டைக் கட்டியவர்களின் கவலை வேறு. ராணுவ ஆராய்ச்சிப் பணத்தைக் கையாண்ட பாப் டெய்லரின் அறையில் மூன்று டெர்மினல்கள் இருந்தன. மூன்றும் மூன்று ஊர்க் கம்ப்யூட்டர்களுக்குப் போகும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழியில்லை. இதென்ன கூத்து, ஒரே டெர்மினல் போதாதா என்று 1966-ல் அவர் கேட்டதுதான் ஆரம்பம். 1969 அக்டோபர் 29 இரவு லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டுக்கு ‘லாகின்’ என்று தட்டினார்கள். ‘எல்’, ‘ஓ’ என்று இரண்டு ஆங்கில எழுத்து போய்ச் சேர்ந்ததும் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பணம் ராணுவத்துடையது என்பது உண்மை. அணுகுண்டுப் பயம் பேரனுடையது.

செய்தியைத் துண்டு துண்டாக அனுப்பும் யோசனை பேரனுக்கும், பிரிட்டனில் டொனால்ட் டேவிஸுக்கும் தனித்தனியே தோன்றியது. உங்கள் பக்கத்தில் பழைய வீட்டைப் பிரித்து விற்பதைப் பார்த்திருப்பீர்கள். பர்மாத் தேக்குத் தூண், நிலை, உத்தரம் எல்லாவற்றுக்கும் எண் போட்டு லாரிகளில் ஏற்றுவார்கள். எந்த லாரி எந்த ரோட்டில் போனால் என்ன? இறங்கிய இடத்தில் எண் பார்த்து வீட்டை நிறுத்திவிடலாம். ஒரு தூண் வரவில்லையா, அதை மட்டும் மறுபடி கேட்டால் போதும். இன்டர்நெட் வேலை செய்வது இப்படித்தான்.

இனி உண்டியலுக்கு வருவோம். ரங்கூன் கடையில் எழுதிய உண்டியலுக்குக் காரைக்குடியில் பணம் கொடுத்தது எதனால்? விலாசம் தெரியும் என்பதால். எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டில் பெண் எடுத்தவர், மேலாள் யார் என்பதெல்லாம் தெரியும். இளையாத்தங்குடி, மாத்தூர் என்று ஒன்பது கோயில் புள்ளிகளுக்குள், அதாவது குடும்பங்களுக்குள், ஒருவர் பேர் கெட்டால் அதற்குப் பிறகு அவருடைய காகிதம் எங்கும் செல்லாது. வட்டி விகிதத்தைக்கூடக் கோயிலில் கூடிப் பேசித் தீர்மானித்தவர்கள். அந்த அமைப்பின் உயிரே தெரியாதவனை உள்ளே விடாததில் இருந்தது.

இன்டர்நெட் இதற்கு நேர் எதிர். வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் எழுதி, 1983 ஜனவரி 1-ல் ஆர்ப்பாநெட் மாறிக்கொண்ட, கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதற்கான விதிமுறை, அனுப்புகிறவன் யார், நல்லவனா என்று கேட்பதே இல்லை. வந்ததை அடுத்த கைக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். அதனால்தான் உலகம் முழுக்கப் பரவ முடிந்தது. ‘டிஜிட்டல் கைது’ என்று எவனோ வீடியோவில் மிரட்டிப் பெரியவர்களின் சேமிப்பைப் பிடுங்குவதற்கும் அதுவே வழிவிட்டது. செட்டியார் பெட்டியடியில், அதாவது கடையில், அது நடந்திருக்காது. ஆனால் முகம் தெரியாத நானும் நீங்களும் அங்கே கணக்கு வைத்திருக்கவும் முடியாது. இரண்டும் பெரிய சாதனைகள்தான். ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுத்தது என்பது மட்டும் வாட்ஸ்அப் வரலாறு.

முன்னோடி வேண்டும் என்றே அடம்பிடித்தால், 1871 வாக்கில் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை கடலடியில் போட்ட தந்திக் கம்பியைச் சொல்லுங்கள். இன்றைக்குச் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே அதே கடலுக்கடியில் ஒளியிழைக் கம்பி கிடக்கிறது. ஆனால் தந்தியைப் போட்டவன் வெள்ளைக்காரன், அது உங்களுக்கு இனிக்காது.

பெருமைக்கு இடம் வேறு பக்கம் இருக்கிறது. 1995 ஆகஸ்ட் 15-ல் அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட நாட்களில் அதில் தமிழைப் படிப்பதே பெரும்பாடு. பத்திரிகைக்குப் பத்திரிகை வேறு எழுத்துரு, பல திரைகளில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதைச் சீர்செய்ய முதலில் மெனக்கெட்டவர்களில் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியும் மலேசியாவின் முத்து நெடுமாறனும் உண்டு. கடல் கடந்த தமிழர்கள்!

செட்டிநாட்டுப் பேர்தான் வேண்டும் என்றால் கோட்டையூர் ரோஜா முத்தையாவைச் சொல்லுங்கள். பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கிடைத்ததையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். அவர் காலமான பின் அந்தச் சேகரம் சிகாகோ பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய், 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமானது. அதன் பட்டியலை இன்று எந்த ஊரில் உட்கார்ந்தும் இன்டர்நெட்டில் தேடலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் ரங்கூன் கடைப் பேரேடு, உண்டியல், கடிதக்கட்டு ஏதாவது கிடக்கிறதா? பழைய சாமான் கடைக்குப் போவதற்குள் அந்த நூலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.