வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 74. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். அம்மா காலமாகி 8 மாதங்கள் ஆகின்றன. அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, நாளிதழைத் தொடுவதில்லை, விடியற்காலை 3 மணிக்கே விழித்துக்கொள்கிறார். வயிறு சரியில்லை என்கிறார். ஸ்கேன், எண்டோஸ்கோபி இரண்டிலும் கோளாறு இல்லை. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?

பதில்: துணையை இழந்தவர் துயரப்படுவது இயல்பு. ஆனால் இத்தனை மாதங்களுக்குப் பிறகும் பசி, தூக்கம், ஆர்வம் மூன்றும் ஒருசேரக் குறைந்திருப்பதை வயதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இது சிகிச்சையால் குணமாகக்கூடிய மனச்சோர்வாக இருக்கலாம். முதியவர்களில் பலர் மனம் சரியில்லை என்று சொல்வதில்லை. வயிறு, மூட்டு, அசதி என்று உடம்பைச் சொல்லியே மருத்துவரிடம் வருகிறார்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்பதால் அவர் நடிக்கிறார் என்று பொருளல்ல.

முதலில் எடை, ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பாருங்கள். மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும் என்பதோடு, அக்குறைபாடே சோர்வையும் மறதியையும் உண்டாக்கலாம். காதையும் சோதியுங்கள். மூக்குக்கண்ணாடிக்கு வெட்கப்படாதவர்கள்கூட காதுக்கருவி என்றால் மறுத்துவிட்டு, பேச்சு புரியாமலேயே ஒதுங்கிப்போகிறார்கள்.

பிறகு மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு மருந்துகள் பலன் தர நான்கு முதல் ஆறு வாரங்கள், முதியவர்களுக்குச் சில வேளை அதற்கு மேலும் ஆகும் என்பதால் பாதியில் நிறுத்தக் கூடாது. சில மருந்துகள் சோடியத்தைக் குறைக்கும் என்பதால் இடையில் இரத்தப் பரிசோதனை தேவைப்படும். மருந்துக் கடையில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். இந்த வயதில் அது தடுமாறி விழுவதில் கொண்டுபோய்விடும்.

வீட்டில், "நீங்கள் சும்மா இருங்கள் அப்பா" என்று அன்போடு சொல்லி அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட வேலைகள் எவை என்று யோசியுங்கள். பால் கணக்கு, ரேஷன் கடை, பேரனின் கணக்குப் பாடம் போன்றவற்றில் அவரால் முடிந்த ஒன்றை உண்மையாகவே அவர் பொறுப்பில் திருப்பிக் கொடுங்கள். காலை வெயிலில் சிறிது நேரம் நடக்கும்போது யாராவது உடன் செல்லுங்கள். அம்மாவைப் பற்றி அவர் பேச்செடுத்தால், மனம் நோகுமே என்று பேச்சை மாற்றாதீர்கள்.

"நானும் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது" என்று அவர் சொன்னால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.