மலைக் குடிலில் ஓர் இரவு: கேள்வியும் பதிலும்

சாலை முடிகிற இடத்திலிருந்து நடந்தே போய்ச் சேர வேண்டிய குடில்கள். காவலாள் கிடையாது, மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. நான்கு சுவர், ஒரு விறகடுப்பு, படுக்கப் பலகை, அவ்வளவுதான். இருபது வருடத்துக்கு மேலாக இப்படிப்பட்ட இடங்களில் தங்கி வருகிறேன். அவற்றைப் பற்றித் தெரிய வேண்டியதைக் கேளுங்கள்.

அக்கா, 12 கிலோமீட்டர்தான் என்கிறார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் இருட்டுவதற்குள் சேர்ந்துவிடலாமா?

தூரத்தை மட்டும் சொன்னால் என்னால் பதில் சொல்ல முடியாது. ஏற்றம் எவ்வளவு? 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் 12 கிலோமீட்டரில் 900 மீட்டர் ஏற்றம் இருந்தால் கிட்டத்தட்ட 4 மணி நேரம். ஆனால் அது நல்ல பாதையில், நல்ல உடல்வாகு உள்ளவர், நிற்காமல் நடக்கிற கணக்கு. முதுகில் மூட்டையும் கூட்டத்தில் ஒரு புதியவரும் இருந்தால் நான் ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன், அதாவது 6 மணி நேரம். பள்ளத்தாக்கில் வெளிச்சம் சீக்கிரமே போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் விடியலில் கிளம்புங்கள். இன்ன மணிக்குள் பாதித் தூரம் தாண்டாவிட்டால் திரும்பிவிடுவோம் என்று கீழேயே பேசி முடிவு செய்யுங்கள். களைத்துப்போன பிறகு எடுக்கிற முடிவு பெரும்பாலும் 'இன்னும் கொஞ்சம்தானே' என்றுதான் இருக்கும்.

அங்கே போன் சார்ஜ் போட வசதி இருக்குமா?

இருக்காது. பவர் பேங்க் எடுத்துப் போங்கள், இரவில் அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். காகித வரைபடமும் கையில் இருக்கட்டும்.

போன தடவை அடுப்பு மூட்டியதும் புகை முழுக்க அறைக்குள்ளேயே வந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. என்ன தப்பு செய்தோம்?

எனக்குப் பிடித்த கேள்வி. பல நாள் பூட்டிக் கிடந்த குடிலில் புகைப்போக்கி முழுக்கக் குளிர்ந்த காற்று நிற்கும். அது கனமானது, கீழ்நோக்கி அழுத்தும். நீங்கள் மூட்டுகிற சின்ன நெருப்பின் புகையால் அதைத் தள்ளிக்கொண்டு மேலே போக முடியாது.

முதலில் குழாயில் இருக்கிற அடைப்புத் தகட்டை முழுக்கத் திறங்கள். வெளியே போய்ப் புகைப்போக்கியின் தலையில் பனியோ பறவைக் கூடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஜன்னலைக் கொஞ்சம் திறங்கள். பிறகு ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்தி, புகை வெளியேறும் துளைக்கு அருகே பிடியுங்கள். குழாய் சூடேறி காற்று மேல்நோக்கி இழுக்க ஆரம்பிப்பது காதில் கேட்கும். அதன் பிறகு சுள்ளியைப் பற்ற வையுங்கள். விறகு ஈரமாக இருந்தால் பிளந்து பாருங்கள், உள்பக்கம் பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.

ராத்திரி குளிர் தாங்காது. ஜன்னல், கதவு இடுக்கு எல்லாவற்றையும் துணி வைத்து அடைத்துவிடலாமா?

கூடாது. அடுப்பில் கங்கு இருக்கும்வரை ஒரு ஜன்னல் ஒரு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும். இன்று நான் சொல்வதில் வேறு எது மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீர்கள்.

நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். சூடு வீணாகப் போகிறதே என்று, தணல் கனன்றுகொண்டிருக்கும்போதே புகைப்போக்கித் தகட்டை மூடிவிட்டுப் படுக்கிறார்கள். புகை தெரியாததால் நெருப்பு அணைந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். தணலிலிருந்துதான் இந்த வாயு அதிகம் வரும்.

மலையில் இதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்று சுமார் 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் காட்டுகிற அறிகுறிகளையே இந்த வாயுவும் காட்டும். ஒரு முறை எங்கள் கூட்டத்தில் நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தது. உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரையைத் தேடினோம். சிறுநீர் கழிக்க வெளியே போனவர் கொஞ்ச நேரத்தில் 'எனக்குச் சரியாகிவிட்டது' என்றதும்தான் புரிந்தது. புகைப்போக்கியின் வாயைப் பனி மூடியிருந்தது. அன்றிலிருந்து பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. எல்லோருக்கும் ஒன்றாகத் தலை வலித்தால் யோசிக்க வேண்டாம், எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள்.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அப்படியே குடிக்கலாமா?

வேண்டாம். வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா என்ற கிருமி கண்ணுக்குத் தெரியாது. தளதளவென்று கொதித்த பிறகு 1 நிமிடம், 2,000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், 3,000 மீட்டரில் சுமார் 90 டிகிரிதான். பருப்பு வேகாமல் அடம்பிடிப்பதும் இதனால்தான், ஊற வைத்து எடுத்துப் போங்கள்.

இரும்புச் சட்டியில் கரி போட்டு அறை நடுவே வைத்தால் கதகதப்பாக இருக்குமே?

இரண்டு கேள்விக்கு முன்னால் சொன்னதைப் படியுங்கள். புகைப்போக்கியே இல்லாத கரி நெருப்பு இன்னும் மோசம். உள்ளே கொண்டுவரவே கூடாது.

எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. 3,500 மீட்டரில் தங்கலாமா?

உங்களைப் பரிசோதிக்கிற மருத்துவரிடம் கேளுங்கள். எத்தனை மீட்டரில் தூங்கப் போகிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

அக்கா, கிளம்பும்போது விறகு பிளந்து வைத்துவிட்டுப் போக வேண்டுமாம். முன்பின் தெரியாதவருக்காக நான் ஏன் கோடாலி பிடிக்க வேண்டும்? இறங்குகிற நேரமல்லவா வீணாகிறது?

சொல்கிறேன். பல வருடம் முன்பு பனியும் மழையும் கலந்து கொட்டிய ஓர் இரவில் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். விரல்கள் மரத்து, பையின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை, பல்லால் இழுத்துத் திறந்தேன். அந்தக் கையால் கோடாலி பிடித்திருந்தால் என் காலையே வெட்டியிருப்பேன். அடுப்பின் பக்கத்தில் விரல் தடிமனில் பிளந்த சுள்ளிக் கட்டு ஒன்றும், மூடிய டப்பாவில் தீப்பெட்டியும் இருந்தன. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தீக்குச்சியை வைத்து உரசினேன். யார் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

(அவரே மறுபடி) அது விதிவிலக்கான இரவு. நான் போனது நல்ல வெயில் காலம். அடுத்து வருபவர் தானே பிளந்துகொள்ளட்டும்.

நீங்கள் கிளம்புகிற காலைதான் வெயில். உங்களுக்கு அடுத்தவர் எந்த வானிலையில் வருவார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு மணி நேரம் கேட்கவில்லை. பத்து நிமிடம் போதும்.

(குறுக்கே இன்னொருவர்) விறகு வைக்கச் சொல்வதால்தான் ஆட்கள் பக்கத்து மரங்களை வெட்டுகிறார்கள். பச்சை விறகை அடுக்கிவிட்டுப் போகிறார்கள். அது யாருக்குப் பயன்?

ஒத்துக்கொள்கிறேன், நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நிற்கிற மரத்தைத் தொடக் கூடாது. மர எல்லைக்கு, அதாவது அதற்கு மேலே மரமே வளராத உயரத்துக்கு, அருகே ஒரு மரம் வளர எத்தனையோ பத்தாண்டுகள் ஆகும். பச்சை விறகு எரியாது, புகையும், அதன் தார் புகைப்போக்கிக்குள் படிந்து பிறகு ஒருநாள் குழாயே தீப்பிடிக்கும். கொட்டகையில் ஏற்கெனவே காய்ந்திருக்கிற கட்டையைப் பிளந்து வைப்பதுதான் நான் சொல்வது. விறகு எடுக்க அனுமதியே இல்லாத இடத்தில் நீங்கள் சுமந்துபோனதில் ஒரு கைப்பிடி மிச்சம் வையுங்கள்.

(மூன்றாமவர்) அப்படியே மீந்த சாப்பாட்டையும் வைத்துவிட்டு வரலாமே?

வேண்டாம். எலி வரும். எலிப் புழுக்கை கிடந்தால் காய்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள், அந்தத் தூசி வழியாக ஹாண்டா வைரஸ் பரவலாம். கதவு ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விட்டு, கிருமிநாசினி தெளித்து 5 நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள்.

கேஸ் அடுப்பை உள்ளே வைத்துச் சமைக்கலாம்தானே? அதில் புகையே இல்லையே?

புகை இல்லாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு உண்டு. ஜன்னலைத் திறந்து வைத்துச் சமைத்து, உடனே அணையுங்கள். அறையைச் சூடாக்க அதை எரிய விடாதீர்கள். இதே கேள்வி இன்னும் ஆறு வந்திருக்கிறது, ஆறுக்கும் இதுதான் பதில்.

பனிச்சரிவு வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது, பயிற்சி வகுப்புக்குப் போங்கள். அதுவரை, 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த, பனி மூடிய மலைச்சரிவுகளின் மேலும் அவற்றின் அடியிலும் நடக்காதீர்கள்.

(விறகு கேட்ட முதலாமவர்) சரி அக்கா, அடுத்த வாரம் போகிறேன். எவ்வளவு, எப்படி வைக்க வேண்டும்?

பென்சில் தடிமனில் இரண்டு கைப்பிடி, கட்டைவிரல் தடிமனில் இரண்டு கைப்பிடி, மணிக்கட்டுத் தடிமனில் ஐந்தாறு கட்டை. தீப்பெட்டி மூடியுள்ள டப்பாவில். எல்லாம் அடுப்புக்கு வெளியே, தள்ளி இருக்கட்டும். அடுப்புக்குள் அடுக்காதீர்கள், சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். சாம்பலை அள்ளினால் மூடியுள்ள இரும்பு வாளியில்தான். கோடாலியைக் கதவுக்கு அருகே உள்பக்கம் சாத்துங்கள், இருட்டில் வருபவர் கைக்கு அகப்படும்படி, கூர் சுவரைப் பார்த்து.