சைட் பை சைட்: வாங்குமுன் கேட்டவையும் என் பதிலும்

இரண்டு பேர் அருகருகே அமர்ந்து, பின்னால் சின்னப் பெட்டியில் சாமான் ஏற்றும் நாலு சில்லு வண்டியைத்தான் சைட் பை சைட் என்கிறார்கள். திருகோணமலையில் கராஜ் வைத்திருப்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவரின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன்.

நிலாவெளி: ஹோட்டலில் கதிரை, குப்பை, காஸ் சிலிண்டர் ஏற்றக் கடற்கரை மணலில் ஓடவேண்டும். பெற்றோலா டீசலா?

முதலில் கியரைக் கேளுங்கள். பொலாரிஸ் ரேஞ்சர், பெற்றோல் கவாசாகி மியூல் எல்லாம் ரப்பர் பெல்ட்டில் இழுப்பவை. மணலில் பாரத்தோடு ஹை கியரில் மிதித்தால் பெல்ட் வழுக்கும், சூடேறும், கருகும். லோவில் போட்டே ஓட்டவேண்டும். பழைய வண்டி என்றால் பெல்ட் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே கறுப்புத் தூள் குவிந்து, பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுங்கினால் அதை ஓட்டியவர் லோ கியரைத் தொட்டதே இல்லை.

குபோட்டா ஆர்டிவி எக்ஸ் 1100 வேறு சாதி. மூன்று சிலிண்டர், 1123 சிசி டீசல். பெல்ட்டுக்குப் பதில் ஹைட்ரோலிக் ஒயில்தான் சில்லைச் சுற்றும். வேகம் குறைவு, ஆனால் இழுவை இருக்கிறது. உங்கள் வேலைக்கு இதுதான்.

அடுத்தது உப்பு. போன வருடம் ஒருவர் பளபளவென்று ஒரு வண்டி கொண்டுவந்தார். பெட்டிக்குக் கீழே சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், பிஸ்கட்டில் போவதுபோல் உள்ளே போனது. கடலோரத்தில் ஓடிய வண்டிக்குப் பெயின்டைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள், அடியில் படுத்துப் பாருங்கள். வயர் பிளக்குகளைப் பிடுங்கிப் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வாங்கிய பிறகு தினமும் நல்ல தண்ணீரில் அடியைக் கழுவவேண்டும்.

உவர்மலை: ரோட்டில் ஓட்டலாமா?

பதிவு இலக்கம் இல்லாமல் முடியாது. அந்த மொடலைப் பதிய முடியுமா என்று காசு கொடுக்குமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள்.

தம்பலகாமம்: லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு டிரக்டர்) இருக்க இந்த விளையாட்டுச் சாமான் எதற்கு அண்ணன்?

வயல்காரருக்குத் தேவையில்லை என்றே நானும் சொல்வேன். லேண்ட்மாஸ்டர் உழும், பம்ப் சுற்றும், பெட்டி இழுக்கும். சைட் பை சைட்டால் உழ முடியாது. ஒன்று மட்டும்: பாரத்தோடு இறக்கத்தில் லேண்ட்மாஸ்டரின் ஸ்டியரிங் கிளச்சைப் பிடித்தால் எதிர்ப்பக்கம் திரும்பும். சைட் பை சைட்டில் அந்தப் பயமில்லை.

மூதூர்: பிழை தம்பி. இடது பிடித்தால் இடதுதான். 25 வருடம் ஓட்டுகிறேன்.

சமதரையில் நீங்கள் சொல்வது சரி நானா. இடது கிளச்சைப் பிடித்தால் இடது சில்லு எஞ்சினிலிருந்து விடுபடும், வலது சில்லு தள்ளும், வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் எஞ்சின்தான் பிரேக். விடுபட்ட இடது சில்லு பாரத்தில் உருண்டு ஓடும், வலதை எஞ்சின் பிடித்து வைத்திருக்கும். அப்போது மூக்கு எந்தப் பக்கம் போகும்?

மூதூர்: இறக்கத்தில் நான் கிளச்சைத் தொடுவதே இல்லையே.

அதுதான் சரியான ஓட்டம். தொடாதவருக்கு எப்படித் தெரியும்?

கந்தளாய்: சைட் பை சைட் கவிழாதா?

கவிழும். குறுக்குச் சரிவில் திருப்பாதீர்கள். மேலே இரும்புக் கூடு இருக்கிறதே என்று சீட் பெல்ட் போடாமல் இருந்தால் வெளியே தூக்கி எறிந்து அதே கூட்டால் நசுக்கும். கவிழும்போது கையை வெளியே ஊன்றவும் கூடாது.

கிண்ணியா: நாலு மூட்டை உரம், இரண்டு பேர். தாங்குமா?

50 கிலோ மூட்டை என்றால் 200. ஆட்கள் 140. மொத்தம் 340. ஆட்களின் நிறையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. புத்தகத்தில் பெட்டிக்கு ஒரு அளவும் வண்டி மொத்தத்துக்கு ஒரு அளவும் இருக்கும், இரண்டையும் பாருங்கள்.

உப்புவெளி: விலை? கொஞ்சத் தூரம்தான், ரோட்டில் போகலாமா?

ரோட்டில் ஓட்டுவது பற்றி மேலே உவர்மலைக்குச் சொன்னதுதான் பதில். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. வரி என் கையில் இல்லை, சுங்கத்தில் கேளுங்கள். அப்புறம், கடல் தண்ணீருக்குள் இறக்காதீர்கள்.

மூதூர்: மாரி முடியட்டும், குளக்கட்டில் பெட்டியோடு இறங்கிக் காட்டுகிறேன்.

வாருங்கள் நானா. பெட்டி வெறுமையாக இருக்கட்டும்.