துருப்பிடித்த கேஸ் கிரில் ஸ்டாண்டை மரத்தில் மாற்றிச் செய்யலாமா?

கேள்வி: காரைக்குடி வீட்டில் அடுப்படிக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் மூன்று பர்னர் கேஸ் கிரில் இருக்கிறது. பெட்டியும் பர்னரும் நன்றாக உள்ளன, கால் ஸ்டாண்ட் மட்டும் துருவேறி இற்றுவிட்டது. வீட்டில் பழைய தேக்குக் கட்டைகள் கிடக்கின்றன. அதில் ஸ்டாண்ட் செய்தால் தீப்பிடிக்காதா?

செய்யலாம். எடையை மரம் தாங்கட்டும், சூட்டை இரும்புதான் தாங்க வேண்டும். பெட்டியின் எந்தப் பாகமும் மரத்தைத் தொடக்கூடாது. சூடு தொடர்ந்து பட்டால் 200 டிகிரிக்கு மேல் மரம் கருகத் தொடங்கும். 250 முதல் 300 டிகிரிக்குள் பற்றிக்கொள்ளும். அதைவிடக் குறைந்த சூடுகூட மாதக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டால் மரம் உள்ளுக்குள் கரியாகிக்கொண்டே வரும். முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்று நம்பி விட்டுவிடுவதுதான் ஆபத்து.

முதலில் பெட்டியைக் கழற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். அடித்தகட்டை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்தினால் பொத்துக்கொள்கிறது என்றால் அதற்குப் புது ஸ்டாண்ட் செய்வது வீண். பழைய கால்கள் எங்கே இற்றன என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் குழாய்க் காலின் அடியில்தான். பிளாஸ்டிக் மூடிக்குள் முற்றம் கழுவிய தண்ணீர் தேங்கி உள்பக்கமிருந்து தின்றிருக்கும். மசாலா தடவிய கறியிலிருந்து வடியும் உப்பும் எலுமிச்சையும் வெல்டிங் வைத்த இடங்களில் மீதியை முடித்திருக்கும். தண்ணீர் மரத்தையும் விடாது. காலின் வெட்டுமுகம் பஞ்சு மாதிரி உறிஞ்சும், செம்மண் பூமியில் கரையானும் அந்த வழியாகவே ஏறும். நம் பக்கத்து வீடுகளில் தேக்குத் தூண்கள் கல் பீடத்தின் மேல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே செய்யுங்கள்: ஒவ்வொரு காலுக்கும் கீழே 2 அங்குல உயரக் கருங்கல் துண்டு. கரையான் ஏறினாலும் கல்லின் மேல் மண்கோடு தெரிந்துவிடும்.

மரம் பழைய பர்மா தேக்கு என்றால் அதைவிட நல்லது கிடையாது, காய்ந்து நிலைத்த மரம். வீட்டில் போதாவிட்டால் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விசாரியுங்கள். ஆனால் பழைய கட்டையில் தலை உடைந்த ஆணி புதைந்திருக்கும், இழைப்புளி அலகு போய்விடும். ஸ்பீக்கர் காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு ஆசாரியிடம் கொடுங்கள். வேம்பு பரவாயில்லை, ஆனால் நன்றாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். மரத்தூளை ஒட்டிச் செய்த எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு பலகைகள் இரண்டும் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்காது.

பெட்டி 24 அங்குல அகலம், 18 அங்குல ஆழம் என்று வைத்துக் கணக்குச் சொல்கிறேன். உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் 2 அங்குல இடைவெளி வேண்டும், ஆகவே சட்டத்தின் உள்ளளவு 28க்கு 22. கால்கள் 3க்கு 3 அங்குலம், மொத்தம் 11 அடி. மேலும் கீழும் சுற்றி வரும் சட்டங்கள் 4க்கு 1½ அங்குலம், சேதாரத்தோடு 20 அடி. கீழ்த் தட்டுக்கு 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனத்தில் ஆறு பலகை, ஒவ்வொன்றும் 31 அங்குலம், நடுவில் அரை அங்குலம் விட்டு. உயரத்தைக் கம்பித்தட்டிலிருந்து கணக்கிடுங்கள்: தரையிலிருந்து 34 முதல் 36 அங்குலத்தில் தட்டு வந்தால் நின்று சமைக்கத் தோதாக இருக்கும். அதிலிருந்து தட்டுக்கும் பெட்டியின் மாட்டும் துளைக்கும் உள்ள தூரத்தையும் கல்லின் 2 அங்குலத்தையும் கழித்தால் கால் நீளம் ஏறக்குறைய வரும். கீழ்ச் சட்டம் தரையிலிருந்து 6 அங்குலமாவது மேலே இருக்கட்டும். மூலைகளை 10 எம்எம் துருப்பிடிக்காத எஃகு போல்ட், அகல வாசர் போட்டு முடுக்குங்கள். வெறும் ஆணி சூட்டிலும் மழையிலும் மாறி மாறித் தளர்ந்துவிடும்.

பெட்டியைத் தாங்குவது ‘எல்’ வடிவ இரும்பு ஆங்கிள் இரண்டு, 40க்கு 40 எம்எம், 5 எம்எம் கனம். பெட்டியின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, முன்சட்டத்திலிருந்து பின்சட்டம் வரை. பழைய ஸ்டாண்டில் மாட்டியிருந்த அதே துளைகளில் பெட்டியை ஆங்கிளோடு போல்ட் போடுங்கள். ஆங்கிளும் நேரே மரத்தில் உட்காரக்கூடாது. 20 எம்எம் நீள இரும்புக் குழாய்த் துண்டுகளைப் போல்ட்டில் கோத்து மேலே தூக்கிவிடுங்கள். இரும்பு சூட்டில் நீளும், மரம் ஈரத்தில் ஊதும், அதனால் ஒரு முனையின் துளையை நீள்வாக்கில் அரம் போட்டு விடவும். சட்டங்களின் உள்பக்கத்துக்கு 1½ எம்எம் அலுமினியத் தகடு, மரத்திலிருந்து 10 எம்எம் தள்ளி. நடுவில் காற்று ஓடினால்தான் அது தடுப்பு. மரத்தோடு ஒட்டி அடித்த தகடு சூட்டை அப்படியே மரத்துக்குக் கொடுத்துவிடும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு வேண்டாம், அதிகச் சூட்டில் அந்தப் பூச்சு கெடும். கொல்லையில் கிடக்கும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் தயவுசெய்து அறுக்காதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. வடியும் எண்ணெயைப் பிடிக்கும் தட்டுக்குக் கீழே, பலகையிலிருந்து ஓர் அங்குலம் தூக்கி இன்னொரு தகடு போதும். பெட்டியின் அடியை மட்டும் எதைக் கொண்டும் அடைக்காதீர்கள். பர்னருக்குக் காற்று அங்கிருந்துதான் வருகிறது. அடைத்தால் தீ மஞ்சளாகிக் கரி பிடிக்கும்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. குமிழ்களுக்குப் பின்னால் ஜெட் என்னும் பித்தளை மூக்கு, பர்னர் குழாயின் வாய்க்குள் சும்மா நுழைந்துதான் நிற்கிறது. திருகு எதுவும் கிடையாது. இரண்டு ஆங்கிளும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் பெட்டி லேசாக முறுக்கிக்கொள்ளும், குழாய் ஜெட்டிலிருந்து நழுவும். கேஸ் குமிழ்ப் பலகைக்குப் பின்னால் கசிந்து, தீ உங்கள் கையருகே எரியும். ஆங்கிள்களின் மேல் ரசமட்டம் வைத்து நீளம், அகலம், மூலைவிட்டம் மூன்றும் பாருங்கள். மாட்டிய பிறகு டார்ச் அடித்து மூன்று ஜெட்டும் குழாய்க்குள் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குழாய்க்குள் குளவிக் கூடு இருந்தாலும் அப்போதே தெரியும்.

சிலிண்டரை மரச் சட்டத்துக்குள் வைக்கவே வேண்டாம். நிரம்பிய 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் மொத்தம் 30 கிலோ பக்கம் வரும். பக்கத்தில், நிமிர்த்தி, குழாய் எட்டும் தூரத்தில் தனியாக நிற்கட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பள்ளத்தைத் தேடிப் போகும். நம் முற்றங்களோ சுற்றுத் தாழ்வாரத்தைவிடத் தாழ்ந்தவை, மழைநீர் போகும் வாய்க்காலும் அங்கேதான். கசிந்த கேஸ் அந்தப் பள்ளத்தில் நிறைந்துகொள்ளும். கிரில்லும் சிலிண்டரும் வெளிக் கொல்லையில், சமதளத்தில் இருப்பதே சரி. பெட்டியின் பின்பக்க வாய் வழியாகச் சூடான காற்று வெளியேறும். மரத்தூணுக்கும் ஓட்டுச் சாய்ப்பின் மரக்கைகளுக்கும் குறைந்தது 3 அடி தள்ளியே வையுங்கள். எண்ணெய்ப் புகை பட்டால் சுண்ணாம்புப் பூச்சுச் சுவரும் கறைபடும். கம்பி பின்னிய சுரக்ஷா குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அது தகட்டையோ போல்ட் நுனியையோ உரசக்கூடாது.

ஸ்டாண்டின் மேல் ஆத்தங்குடிக் கல் பதிக்கும் ஆசை பலருக்கு உண்டு. பக்கத்துப் பலகையில் பதிக்கலாம், பெட்டிக்கு அடியில் வேண்டாம். அது சூளையில் சுட்ட ஓடு அல்ல, சிமென்ட் வார்ப்பு. எண்ணெயை உறிஞ்சும், எலுமிச்சைச் சாறு அரித்துவிடும். 10 அங்குலக் கல் 20 எம்எம் கனத்தில் ஒன்றே ஏறக்குறைய 3 கிலோ வரும், அதற்கேற்பச் சட்டம் வேண்டும்.

மேல்பூச்சுக்கு வார்னிஷை விட லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) நல்லது. வார்னிஷ் சூட்டில் பொரியும். கால்களை ஒரு மூடியளவு எண்ணெயில் இரவு முழுக்க நிறுத்தினால் வெட்டுமுகம் குடித்துக்கொள்ளும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறிப் பற்றும். விரித்துக் காயவைத்தபின் எறியுங்கள். ஸ்டாண்ட் முழுதாகக் காய ஒரு வாரமாவது விடுங்கள்.

கடைசியாக எல்லா இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், தீக்குச்சி வேண்டாம். பிறகு மூடி போட்டு, மூன்று பர்னரும் முழுத் தீயில் அரைமணி நேரம் எரியட்டும். அணைத்தவுடன் சட்டத்தின் உள்பக்க மரத்தில் கை வைத்துப் பத்து எண்ணுங்கள். முடியவில்லை என்றால் இடைவெளி போதவில்லை, குழாய்த் துண்டுகளை 40 எம்எம் ஆக்குங்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முடுக்கிவிடுங்கள்.